மரமறிந்து கைக்கொள்ளல்

(விசுவமடுவிற் கூடிய கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நெல், மிளகாய், வெங்காயம், உழுந்து ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கின்றோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பயிரைப் பற்றியதன்று. பயிருக்கு அயலில் நிற்கும் மரத்தைப் பற்றியது. மரமொன்றைக் கண்டவிடத்து அது இன்ன மரமென்று ஐயமின்றிச் சொல்லும் அறிவு நமது அன்றாட வாழ்வில் எங்கெங்கே பயன்படுகின்றது, அவ்வறிவு இல்லாவிடத்து என்ன கேடு விளைகின்றது என்பதே பொருள்.

"வன்னியில் இருப்பவனுக்கு மரத்தைக் காட்டித் தரவேண்டுமோ" என்று முதியோர் சிலர் முறுவலிப்பதைக் காண்கின்றேன். முறுவலிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குளக்கட்டின் வழியே ஒருமுறை நடந்து பாருங்கள். வேம்பு தெரியும், புளி தெரியும், முருங்கை தெரியும், தேக்கும் தெரியும். அதற்கப்பால் நிற்பவை யாவும் அவர்களுக்கு "காட்டு மரம்" என்னும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

இதற்கு அவர்கள் மீது குறை சொல்லுதல் தகாது. 1960ஆம் ஆண்டுகளில் இளைஞர் குடியேற்றத் திட்டத்தின் கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இங்கே வந்தவர்கள், மரத்தை அறியாமல் ஒரு நாளும் கழித்திருக்க முடியாது. காட்டை வெட்டிக் காணியாக்கியவன் எதை வெட்டினால் கோடரி வாய் மழுங்கும், எதை விட்டால் நிழல் கிடைக்கும், எதன் பால் கண்ணிற் பட்டால் ஆபத்து என்பவற்றை ஒரு பருவத்திற்குள் கற்றுக்கொண்டான். அவன் பிள்ளைகளும் அவனோடு காட்டிற்குச் சென்று கற்றார்கள். பின்னர் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2010ஆம் ஆண்டு முதல் மக்கள் படிப்படியாக மீண்டும் குடியேறினர். இடையிற் பிறந்தும் வளர்ந்தும் வந்த பிள்ளைகள் கூடாரங்களுக்கிடையே வளர்ந்தவர்கள். காட்டிற்குள் அழைத்துச் சென்று காட்டித் தரவேண்டிய பெரியவர்களிற் பலர் இன்று நம்மிடையே இல்லை. அறிவு அவ்விடத்தில் அறுந்தது. அறுந்த இடத்தை முடிந்து கட்டுவதற்கே இந்தப் பேச்சு.

நம் முன்னோர் மரத்தை எவ்வளவு கூர்ந்து நோக்கினார்கள் என்பதற்கு நமது ஊர்ப்பெயர்களே சான்று. மாங்குளம், புளியங்குளம் என்பன கண்டி வீதியில் உள்ளவை. நமக்கு அயலிலேயே புன்னைநீராவி உண்டு; புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இரணைப்பாலை உண்டு. ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் சேர்ந்தால் ஓர் ஊருக்குப் பெயராயிற்று. வழிப்போக்கனுக்கு வரைபடம் இல்லாத காலத்தில் "இரட்டைப் பாலை நிற்கும் இடம்" என்றால் அதுவே போதிய அடையாளம். பாலையை வீரையென்று எண்ணுபவன் அன்று வழிதவறியே போயிருப்பான்.

இனி, நான் பட்ட ஓர் அவமானத்தைச் சொல்கின்றேன். அதிலிருந்துதான் இந்தப் பொருளின் பாரத்தை நான் உணர்ந்தேன்.

நான் உத்தியோகத்திற்கு வந்த புதிதில், மாரி தொடங்கிய வேளை, கிணறுகளில் நீர் கலங்கிச் செந்நிறமாய்க் கிடந்தது. தாய்மார்கள் சிலரோடு பேசிக்கொண்டு நடக்கையில் வழியோரம் ஒரு மரம் நின்றது. இலைகள் எதிரெதிராக அமைந்திருந்தன. ஒவ்வோர் இலையிலும் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் நுனி நோக்கி ஓடின. படித்த புத்தகம் நினைவிற்கு வந்தது. "அம்மா, இது தேற்றா மரம், இதன் கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துவிட்டு நீரை வார்த்தால் கலங்கல் அடியிற் படிந்துவிடும்" என்று பெருமையோடு சொன்னேன்.

கூட்டத்திலிருந்த வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் நின்றுவிட்டார்.

"தம்பி, கோவிக்காதையுங்கோ. காயைக் கண்டனீங்களோ?"

"இல்லை ஆச்சி. இலையைப் பார்த்துத்தான் சொன்னேன்."

"அப்ப கொஞ்சம் பொறுங்கோ."

கையிலிருந்த தடியால் மரத்தடிச் சருகை விலக்கினார். உடைந்த பழத்தோடு ஒன்று வந்தது. பின்னர் காசு போலத் தட்டையான, சாம்பல் நிறமான, பட்டுப்போல் மினுங்கும் விதையொன்று வந்தது. அதைத் தடியின் நுனியாலேயே புரட்டிக் காட்டினார்.

"இது காஞ்சிரை, தம்பி. இதை உரைச்சுத் தண்ணியில விட்டால் அந்த வீட்டில ஆர் மிஞ்சுவினம்?"

நான் பேசாமல் நின்றேன். தேற்றாவும் எட்டி எனப்படும் காஞ்சிரையும் ஒரே சாதியைச் சேர்ந்த மரங்கள். தாவரவியலார் தேற்றாவை இசுற்றிக்னோசு பொட்டற்றோறம் என்பர். பின்னுள்ள சொல்லுக்குக் குடிப்போருடையது என்பது பொருள். காஞ்சிரையை இசுற்றிக்னோசு நக்சுவோமிக்கா என்பர். அதற்கு வாந்திக் கொட்டை என்பது பொருள். ஒன்று குடிநீரைத் தெளிவிக்கும். மற்றொன்று இசுற்றிக்னைன் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டது. இலையின் நரம்பமைப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அந்த ஆச்சி அன்று எங்களோடு வராதிருந்தால் என் சொல்லைக் கேட்டு எவரேனும் அந்த விதையை வீட்டிற்குக் கொண்டு சென்றிருக்கக்கூடும். அரசாங்க உத்தியோகத்தன் சொன்னான் என்பதனால் நம்பியும் இருப்பார்கள்.

ஆகவே இவ்விரண்டின் வேற்றுமையைச் சற்று விரித்துக் கூறுகின்றேன், கவனித்துக் கேளுங்கள். காஞ்சிரையின் பழம் தோடம்பழ நிறமானது, உருண்டையானது, சிறு தோடம்பழத்தின் பருமன் உடையது. தோடு வன்மையானது, உள்ளே வெண்மையான கூழ்போன்ற சதையில் தட்டையான விதைகள் சில பதிந்திருக்கும். தேற்றாவின் பழம் இதனிலும் மிகச் சிறியது, முக்கால் அங்குலம் அளவே இருக்கும், பழுத்தாற் கறுக்கும், பெரும்பாலும் ஒரே கொட்டை, அதுவும் உருண்டை வடிவானது. காஞ்சிரையின் இலை அகன்று, மினுமினுத்து, தெளிவான காம்புடன் இருக்கும். தேற்றாவின் இலை அதனிற் சிறியது. காம்பு மிகக் குறுகியது. தேற்றாவின் முதிர்ந்த பட்டை கருமையாய் வெடித்துத் தடித்திருக்கும். காஞ்சிரையின் பட்டை பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். எனினும் பழத்தையும் கொட்டையையும் காணாமல், இலையையும் பட்டையையும் மாத்திரம் கொண்டு இவ்விரண்டில் எதையும் எவரும் பயன்படுத்தலாகாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

சுவைத்துப் பார்த்து மரத்தை அறிவது பழையவர்களிற் சிலருக்கு வழக்கம். அது வேண்டாம். காஞ்சிரையின் கசப்பு மற்ற மரங்களின் கசப்பைப் போன்றதன்று. கசப்பை அறிந்தபின் அறிந்து பயனில்லை.

நீர் தெளிவித்தலே உங்கள் தேவையானால் ஐயத்துக்கு இடமில்லாத வழியொன்று உண்டு. முருங்கை விதையும் கலங்கலைப் படியச் செய்யும். முருங்கையை அறியாத குடும்பம் இவ்வூரில் இல்லை. நன்கு முற்றி உலர்ந்த விதையின் தோலை நீக்கி, பருப்பைப் பொடித்துச் சிறிது நீரிற் கரைத்து, வடித்துக் கலங்கல் நீரில் விட்டுக் கலக்கி வைத்தால் சில மணி நேரத்தில் அடியிற் படியும். எதனால் தெளிந்த நீராயினும் தெளிந்தமை மாத்திரம் போதாது. கொதிக்க வைத்து ஆறிய பின்னரே குடித்தல் வேண்டும். மண் படிந்துவிட்டது என்பதனால் நோய்க்கிருமி யாவும் படிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

இனி, மரத்தை அறியும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள்.

முதலாவது, இலை எது என்பதை அறிதல். இது எளிதென்று தோன்றும், எளிதன்று. வேப்பங்கொத்தொன்றைக் காட்டி இதில் எத்தனை இலை என்று கேட்டால் பலரும் பதினைந்து, பதினேழு என்று எண்ணுவார்கள். உண்மையில் அது ஒரே இலை, எண்ணியவை சிற்றிலைகள். இலை காம்போடு கிளையிற் சேரும் மூலையில் ஒரு சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் மூலையில் அம்மொட்டு இராது. ஆகவே மொட்டைத் தேடுங்கள்; மொட்டு இருக்குமிடமே இலையின் அடி. இதனை அறிந்தவன் மரமறிவில் பாதிவழி வந்துவிட்டான் என்பேன்.

அதன்பின், இலைகள் கிளையில் எதிரெதிராக நிற்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கின்றனவா என்று நோக்கவேண்டும். காம்பைக் கிள்ளினால் பால் வருகின்றதா என்பதைக் கையில் படாதவாறு பார்க்கவேண்டும். இலையை விரலாற் கசக்கி மணத்தை அறியவேண்டும்; முதிரையின் சிற்றிலையைக் கசக்கினால் எலுமிச்சைச் சாதிக்குரிய மணம் வரும், ஏனெனில் முதிரையும் எலுமிச்சைக் குடும்பத்தையே சேர்ந்தது. ஒளியில் பிடித்துப் பார்த்தால் எண்ணெய்ப் புள்ளிகளும் தெரியும். இளந் தேக்கிலையைக் கசக்கினாற் கை சிவக்கும். ஆனால் பால் வடியும் இலையைக் கசக்கலாகாது. நந்திக்கடல், சுண்டிக்குளம் போன்ற நீரேரிக் கரைகளில் நிற்கும் தில்லையின் பால் கண்ணிற் பட்டாற் பார்வை கெடும். அங்கே விறகு வெட்டச் செல்பவர்கள் இதை மறத்தலாகாது.

கோடையில் இலை உதிர்ந்து நிற்கும் மரத்திற்கு என்ன செய்வது? பட்டையைப் பாருங்கள். பாலையின் பட்டை கருஞ்சாம்பல் நிறமாய் ஆழப் பிளந்து கிடக்கும். முதிரையின் பட்டை தக்கைபோலத் தடித்து, வெளிறிய மஞ்சள் கலந்திருக்கும். மருதின் பட்டை வெளிறி வழுவழுத்துச் செதில் செதிலாகக் கழரும். வீரையின் அடிமரம் பட்டையால் மட்டுமன்றி வடிவினாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். உருண்டையாக இராது, பல தூண்களைச் சேர்த்து முறுக்கியது போல மேடும் பள்ளமுமாக இருக்கும். இருட்டிலும் கையால் தடவி வீரையென்று சொல்லும் பெரியவர்களை நான் இங்கே கண்டிருக்கின்றேன்.

பெயரை மாத்திரம் நம்புதலும் ஆபத்தானது. நாம் பாலை என்றால் பழம் தரும் வன்மரமாகிய பாலையையே குறிப்போம். ஏழிலைப்பாலை வேறு, அதன் இலைகள் கிளையைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும், மரம் மென்மையானது. வெட்பாலை வேறு; அது சிறு மரம், இரட்டைக் காய் தொங்கும். மூன்றிலும் பால் உண்டு என்பதனால் ஒரே சொல் மூன்றிற்கும் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் கருங்காலி என்னும் பெயர் முள்ளுடைய வேறொரு மரத்திற்கும் வழங்குகின்றது. நம் கருங்காலியோ கரிய வைரமுடைய, முள்ளில்லாத மரம். பத்திரிகையிலோ தொலைபேசியிலோ "கருங்காலிப் பட்டை இன்ன நோய்க்கு மருந்து" என்று வரும் குறிப்பைப் படித்துவிட்டு நம் காட்டு மரத்தின் பட்டையை உரிப்பவர் இரு வகையில் தவறு செய்கின்றார். எல்லா மொழியினருக்கும் பொதுவான தாவரவியற் பெயர் இதனாலேயே வேண்டப்படுகின்றது. ஹென்றி திரிமென் என்பார் 1893ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூலில் தாவரவியற் பெயரோடு சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே எழுதினார். அவருக்கு அப்பெயர்களைச் சொன்னவர்கள் ஊர்வாசிகளே.

அடுத்து, மிளகாய்ச் செய்கையாளருக்கு நேரே உரிய செய்தி. இவ்வூர் மிளகாயினால் பெயர் பெற்ற ஊர். 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இங்குள்ள மிளகாய்த் தோட்டங்கள் எவ்வாறு செழித்தன என்பதை மூத்தோர் இன்னும் சொல்லக் கேட்கின்றோம். அன்றும் இன்றும் அப்பயிருக்குப் பகை பனிப்பூச்சியும் வெண் ஈயும் போன்ற சாறுறிஞ்சும் பூச்சிகள். அவற்றைக் குறைப்பதற்கு வேப்பம் விதைக் கரைசலை நாம் பரிந்துரைக்கின்றோம். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, பருப்பைப் பொடித்துக்கொள்ளவேண்டும். 10 இலீற்றர் நீருக்கு 500 கிராம் பொடி. இரவு முழுவதும் ஊறவிட்டுத் துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலை வேளையிற் தெளிக்கவேண்டும். நண்பகலில் தெளித்தால் வெயில் அதன் வலுவைக் கெடுத்துவிடும்.

இங்கேயும் மரமறிவு வேண்டும். வேம்பைப் போலத் தோன்றும் மலைவேம்பு இனங்கள் இப்போது வளவுகளில் பலகைக்காக நடப்படுகின்றன. விதை பொறுக்கச் செல்லும் பிள்ளை இரண்டையும் கலந்துவிடும். வேம்பின் இலை ஒரே நடு ஈர்க்கில் இருபுறமும் சிற்றிலைகளைக் கொண்டது. மலைவேம்பின் இலையில் ஈர்க்கு மேலும் கிளைத்து, கிளைகளில் சிற்றிலைகள் நிற்கும். வேப்பம்பழம் நீண்டது, கொட்டை வழுவழுப்பானது. மலைவேம்பின் பழம் பெரும்பாலும் உருண்டையாய், இலை உதிர்ந்த பின்னும் கொத்தாகக் கிளையில் தொங்கும்; கொட்டையில் வரிகள் ஓடும். சில மலைவேம்பு இனங்களின் பழம் மனிதருக்கும் பன்றிக்கும் நஞ்சாகும். வேப்பம்பழத்தைப் பிள்ளைகள் சூப்பித் தின்பது வழக்கமாகையால் இவ்வேற்றுமையை அவர்களுக்குக் காட்டிக் கொடுப்பது தாய்மாரின் பொறுப்பு. அலரியைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அதன் குச்சியை ஒடித்து எதையும் கிளறவோ கோத்துச் சுடவோ கூடாது, விறகாகவும் அடுப்பில் வைக்கக்கூடாது.

வேலிக்கு வருவோம். பூவரசு, கிளுவை, முள்முருக்கை, சீமைக்கிளுவை எனப்படும் கிளிசரியா ஆகியவற்றின் கதியால்களையே நாம் நாட்டி வருகின்றோம். கிளிசரியாவின் குழை மண்ணுக்கு நல்ல பசளை. குழை தாழ்க்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பழகிய ஆடும் மாடும் அதைத் தின்னும். குதிரைக்கும் எலிக்கும் அது ஆகாது. அதன் பெயரே எலிகொல்லி என்னும் பொருளுடையது. வேலி மரத்தை அறிவது மிகவும் எளிதாகையால் பிள்ளைகளின் முதற் பாடத்தை வேலியிலிருந்து தொடங்கலாம்.

இப்போது மரம் வாங்குதல். மீள்குடியேற்றத்தின் பின் வீடு கட்டியோர் பலரும் நிலைக்கும் கதவுக்கும் முதிரையே வேண்டுமென்றார்கள். அதனால் முதிரையல்லாததும் முதிரையென்ற பெயரில் வந்தது. எனக்குத் தெரிந்த குடும்பத்தார் ஒருவர், முன்கூட்டியே நிறம் பூசப்பட்ட கதவுநிலை இரண்டை நம்பிக்கையோடு வாங்கினர். மூன்றாம் மாரியில் அடிப்பகுதியைக் கறையான் தின்று, நிலையின் உள்ளே கை நுழைந்தது. விற்றவர் யாரென்பது இங்கே வேண்டாத பேச்சு. வாங்கியவர் என்ன செய்திருக்கலாம் என்பதே நமக்கு வேண்டியது. நிறம் பூசிய மரத்தை வாங்காதீர்கள். வாங்கத்தான் வேண்டுமாயின் ஓர் ஓரத்தைச் சீவிக்காட்டச் சொல்லுங்கள். முதிரையின் வைரம் இளமஞ்சள். சீவிய முகம் பட்டுத்துணி போலச் சாயலுக்குச் சாயல் மினுங்கும். தூக்கினாற் பாரம் தெரியும். பாலையின் வைரம் செங்கபில நிறம். இன்னும் பாரமானது, நீரில் இட்டால் தாழும். ஒருகாலத்தில் இலங்கைப் புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டைகளாகப் பாலையே பயன்பட்டது. முதிரையை அறுக்கும் தச்சர்களுக்கு அதன் தூளினால் தோலில் எரிவும் தடிப்பும் உண்டாவதுண்டு. மூக்கையும் கையையும் மூடிக்கொண்டு வேலை செய்வது நலம்.

மண்வெட்டிப் பிடிக்கோ கோடரிப் பிடிக்கோ முதிரையைத் தேடி அலையவேண்டியதில்லை. விண்ணாங்கு போதும்; வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. மேலே கரும்பச்சையும் கீழே வெண்சாம்பல் மயிரும் உடைய இலையால், காற்றடிக்கும்போது தூரத்திலேயே அது தெரியும்.

சட்டத்தையும் சொல்லாமல் விடமுடியாது. முதிரை, பாலை, கருங்காலி ஆகியவற்றைக் காட்டில் வெட்டுவதும் அனுமதிப்பத்திரமின்றி ஏற்றிச் செல்வதும் குற்றம். உழவு இயந்திரப் பெட்டியில் என்ன மரம் கிடக்கின்றது என்பதை அறியாமல் கூலிக்கு ஏற்றிச் சென்றவனும் வழக்கில் அகப்படுவான். "வேம்பென்று சொன்னார்கள் ஐயா" என்பது நீதிமன்றத்தில் அதிகம் உதவாது. உங்கள் சொந்த வளவில் நிற்பதாயினும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கின்றது. பனை பூப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் செல்லுமாதலால், அதற்கு முன் ஆணோ பெண்ணோ என்று தோற்றத்தால் அறிய இயலாது. ஆகவே வடலியை வெட்டும்போது நாளைய பெண்பனையை வெட்டுகின்றோமோ என்று எண்ணிப் பார்க்கவேண்டும். இன்னொன்று: போர்க்காலத்து வயதுடைய மரங்களில் இரும்புத் துண்டுகள் புதைந்து, மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கக்கூடும். அடிமரத்தில் இயற்கைக்கு மாறான புடைப்பைக் கண்டால் இயந்திர வாளை வைக்குமுன் நன்கு சோதியுங்கள்.

மரம் நீரையும் மண்ணையும் காட்டும். வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத்சம்கிதை என்னும் வடமொழி நூலில், எந்த மரத்தின் அருகே எவ்வளவு ஆழத்தில் நீர் உண்டென்று கூறும் ஓர் அத்தியாயமே இருக்கின்றது. அதிலுள்ள ஆழக் கணக்குகளை நம்பி இன்று எவரும் கிணறு தோண்டவேண்டாம். அதன் அடிப்படை நோக்கு மாத்திரம் சரியானது. மருது ஆற்றங்கரையையும் குளத்தின் ஓரத்தையும் நாடும் மரம். ஆறும் குளமும் இல்லாத இடத்தில் மருதுகள் வரிசையாக நின்றால், அவற்றின் வேருக்கு எட்டும் ஆழத்தில் ஆண்டு முழுவதும் ஈரம் இருக்கிறதென்று எண்ண இடமுண்டு. பாலையும் வீரையும் செழித்த இடம் பெரும்பாலும் நீர் வடியும் மேட்டுநிலம். மிளகாய்க்கும் நிலக்கடலைக்கும் அது ஏற்றது. கிணறு தோண்டுமுன் அயற்கிணறுகளின் ஆழத்தையும், இயலுமாயின் நிலத்தடி நீரை ஆராய்வோரின் கருத்தையும் கேளுங்கள். மரம் ஒரு சாட்சி. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.

குளத்தைச் சூழ்ந்த மரங்களையும் அறிந்தே தொடவேண்டும். வரண்ட வலயத்துப் பழைய குளங்களில் நீரேந்து பக்கத்தில் ஒரு மரச்சோலை விடப்பட்டிருந்தது. சிங்கள ஊர்களில் அதனைக் கஸ்கொம்மன என்பர். அது காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைத்தது. அணைக்கும் வயலுக்கும் இடையே இன்னொரு தோப்பு. அதற்குக் கட்டகடுவ என்று பெயர். கசிந்து வரும் உவர் வயலிற் சேராமல் அது தடுத்தது. இவ்விரண்டையும் வீண் காடென்று வெட்டியவர்கள், சில ஆண்டுகளின் பின் மேல்மடை வயலில் உவர் பூத்ததைக் கண்டார்கள். ஆனால் அணையின் மீதே முளைக்கும் மரத்திற்கு நான் பரிந்து பேசமாட்டேன். அதன் வேர் செத்து உக்கினால் நீர் புகும் வழியாகும். கன்றாக இருக்கும்போதே அகற்றவேண்டும்.

பாலைப்பழக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையிற் பாலை பழுக்கும்போது, பழத்தை விரும்புவது நாம் மாத்திரமன்று. கரடிக்கு அது பெருவிருந்து. கிளைகள் முறிந்து கிடப்பதையும், அடிமரத்தில் நகக்கீறல்களையும் கண்டால் அந்த மரத்தை அதனிடமே விட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். தனியாகவும், அதிகாலையிலும், மாலையிருட்டிலும் செல்லாதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பகுதிக்குள் எந்தப் பழத்திற்காகவும் காலடி வைக்காதீர்கள்.

இறுதியாக, காணி துப்புரவாக்கும் இளைஞர்களுக்கு. மீண்டு வந்தபோது பலருடைய வளவுகள் பற்றைக்காடாய்க் கிடந்தன. இயந்திரத்தைவிட்டு ஒரே நாளில் வழித்துத் தள்ளினார்கள். அதனுள் தானே முளைத்த பாலைக்கன்றும் முதிரைக்கன்றும் எத்தனை போயின என்பது எவருக்கும் தெரியாது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். இன்று நட்டால் பழத்தை உங்கள் பிள்ளைகளே உண்பார்கள். தானே முளைத்து ஆளுயரம் வந்த கன்று பல ஆண்டு வளர்ச்சியை உங்களுக்கு இலவசமாகத் தந்து நிற்கின்றது. ஆகவே இனித் துப்புரவாக்கும்போது முதல் நாள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு, மரம் தெரிந்த பெரியவர் ஒருவரோடு காணியைச் சுற்றி வாருங்கள். விடவேண்டிய கன்றுக்குச் சுண்ணாம்பால் ஒரு வளையம் இடுங்கள். மறுநாள் இயந்திரம் வரட்டும்.

பெயர் தெரியாத மரம் உங்கள் காணியில் நின்றால் இலை மட்டும் பறித்து வராதீர்கள். ஒரு முழ நீளமுள்ள சிறு கிளை, இலைகள் நின்றவாறே; பூவோ காயோ இருந்தால் அதுவும்; கீழே உதிர்ந்த பழைய கொட்டை இருந்தால் அதுவும் வேண்டும். பழைய பத்திரிகைத் தாளின் இடையே வைத்து, மேலே கல் ஒன்றைப் பாரமாக வைத்து, ஓரிரு நாள் தாளை மாற்றி உலர்த்துங்கள். எங்கே நின்றது, என்ன மண், பால் உண்டா, ஊரவர் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பவற்றை அத்தாளின் ஓரத்திலேயே எழுதி எம்மிடம் கொண்டு வாருங்கள். எமக்குத் தெரியாவிடில் தெரிந்தவரிடம் அனுப்புவோம். தொலைபேசியிற் படம் பிடித்துப் பெயர் கேட்கும் வழியும் இப்போது உண்டு. அது சொல்லும் பெயரை முதற் கருத்தாக ஏற்று, காயைக் கண்ட பின்னரே முடிவு செய்யுங்கள்.

நான் முன்பு சொன்ன காஞ்சிரை மரம் இன்னும் அதே இடத்தில் நிற்கின்றது. இப்போது அதில் பழமும் இருக்கின்றது. தேற்றாவின் கொட்டைகள் சிலவற்றைச் சீசாவில் இட்டு நான் கொண்டு வந்திருக்கின்றேன். வெயில் ஏறுமுன் அங்கே சென்று இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்போம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கையை மாத்திரம் அவர்கள் முதுகுக்குப் பின்னாற் கட்டிக்கொள்ளட்டும்.